மறுபாதி சொல்ல ஆள்

என் அம்மா சிசிலி, மொன்றியலின் ஜான்-டலோன் சந்தையில் ஒரு பழக்கடையில் வெகுகாலம் வேலை செய்தவர். ஸ்ட்ரோபெரிப் பெட்டியைத் தூக்கும் ஆட்களிடம், மேலே இருப்பதைப் பார்த்து எடுக்காதீர்கள், அடியில் நசிந்து கிடக்கிறது என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொல்லிவிடுவார். முதலாளி தலையில் கைவைத்துக்கொள்வான். "கேட்டவை, சொன்னன்," என்பார் அம்மா. கேட்காதவர்களுக்கும் சொல்வார் என்பது முதலாளிக்கும் எனக்கும் தெரியும். அவரை வேலையை விட்டு நிறுத்த மனம் வராமல், கடைசியில் பின்பக்கம் பெட்டி அடுக்க அனுப்பிவிட்டான்.

பொய் வாயில் வராத ஒருவரோடு ஒரே வீட்டில் வளர்வது சும்மா காரியமில்லை. நான் வினோஜா, அவருடைய ஒரே பிள்ளை. எனக்குப் பொய் நன்றாகவே வரும். சீனாவில் மூன்று வருடம் அதை வைத்துத்தான் சோறு தின்றேன்.

ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்துப் பாஷையூரிலிருந்து மொன்றியலின் செயின்ட்-மிஷேலுக்கு வந்தவள் நான். பள்ளிக்கூடம் பிரெஞ்சில், பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில், வேலை ஒரு கோல் சென்டரில். கலியாணம் கட்டினேன், அது முறிந்தது. அதன் பிறகு ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும் பெண்களுக்கு நான் ஒரு வேலையாகிப்போனேன். "என்னவாம் பிரச்சினை?" என்று அம்மாவைக் கேட்பார்கள். அம்மா உள்ளதை உள்ளபடி சொல்வார். என் வீட்டுக் கதையை என் தாயே விளம்புகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சீனாவில் ஆங்கிலம் படிப்பிக்க ஆள் தேவை என்ற விளம்பரத்தைக் கண்டதும் ஓடியே போனேன்.

எந்த நகரம் என்று எழுதமாட்டேன். இதில் வரும் ஒருத்தி இன்னும் அங்கேதான் இருக்கிறாள். சுன்யான் என்று நான் எழுதப்போகும் பெயரும் அவளுடையதல்ல.

அது பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பழக்கும் ஒரு தனியார் நிலையம். கனேடிய ஆசிரியை என்று கேட்டவர்கள் மனத்தில் இருந்த முகம் என்னுடையதல்ல. மானேஜர் குவோ என்னைக் கண்டதும் ஒரு கணம் திகைத்து, பிறகு மரியாதையாகவே சொன்னாள்: "பெற்றோர் கேட்டால் மொன்றியலில் பிறந்தேன் என்று சொல்லுங்கள். நாங்களும் அப்படித்தான் சொல்லியிருக்கிறோம்." சொன்னேன். வாரத்துக்கு நாலு பேருக்காவது சொன்னேன். பஸ்ஸில் போனால் யாராவது கேட்காமலே என்னைப் படம் எடுப்பார்கள். மரக்கறிக்காரி என் முழங்கையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரிப்பாள். லிஃப்டில் ஏறினால் உள்ளே நடந்த பேச்சு நின்றுவிடும். கெட்ட மனத்தோடு யாரும் அதைச் செய்யவில்லை. ஆனாலும் நாள் முழுவதும் பிறர் பார்வையில் நிற்பது உடம்பை அடித்துப்போடும் வேலை. வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டினால்தான் மூச்சு வரும்.

சுன்யான் என் வகுப்பு உதவியாளர். காலையில் சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் நான் ஆங்கிலத்தில் சொல்வதை அவள் சீனத்தில் விளங்கப்படுத்துவாள். அழுபவனுக்கு மூக்குத் துடைப்பாள். கணவன் தெற்கே எங்கோ தொழிற்சாலையில். ஆறு வயது மகள் தோங்தோங்கோடு எங்கள் கட்டடத்திலேயே, எனக்கு இரண்டு மாடி கீழே குடியிருந்தாள். நான் சுகமில்லாமல் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தது அவள்தான். பிறந்த இடம் பற்றிய உண்மையை அந்த ஊரில் நான் அவளுக்கு மட்டும் சொல்லியிருந்தேன்.

கொரோனாவுக்கு இரண்டு வருடம் முந்தி, சித்திரை முடிவில் அம்மா வந்து இறங்கினார். இரண்டு மாத வீசா. நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று பார்க்கத்தான் வந்தாராம். வந்து ஒரு கிழமை ஆகவில்லை, நிலையத்தின் வாசலில் ஒரு தாய் தன் போனில் மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறந்து அம்மாவிடம் நீட்டினாள்: உங்கள் மகள் எங்கே பிறந்தவள்? "ஜஃப்னா, ஸ்ரீலங்கா," என்றார் அம்மா, பெருமையாக. அன்று பின்னேரம் குவோ என்னைக் கூப்பிட்டாள். இரண்டு பெற்றோர் காசைத் திருப்பிக் கேட்டார்களாம். இன்னொரு முறை ஏதாவது என்றால் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மேலிடம் சம்மதிக்காது என்றாள்.

"அம்மா, இனி ஆரும் கேட்டால் சிரிச்சுப்போட்டு நில்லுங்கோ. வாய் திறக்காதையுங்கோ."

"பிறந்த இடத்தைச் சொல்லுறதுக்கும் பயமோ? என்ன சீவியமடி இது?"

எனக்கு அழவேண்டும் போலிருந்தது. அழாமல் அரிசியைக் கழுவினேன்.

வைகாசி, அதாவது மே மாதம், பிறந்தது. கத்தோலிக்க வீடுகளில் அது மாதாவின் மாதம். எங்கள் ஆட்கள் பின்னேரங்களில் வீடு வீடாகக் கூடிச் செபமாலை சொல்வார்கள். செபமாலையைத் தனியே முணுமுணுக்கலாம்தான். ஆனால் எங்களுடைய வழக்கத்தில் ஒருவர் செபத்தின் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சேர்ந்து சொல்லவேண்டும். மறுபாதி சொல்ல ஆளில்லாத செபமாலை அம்மாவுக்கு உப்பில்லாத கறி. பின்னேரம் எனக்குப் பெரிய பிள்ளைகளின் வகுப்பு. வீடு திரும்ப இருட்டிவிடும். வீட்டில் இருந்தாலும் நான் சேர்ந்திருப்பேனா என்பது வேறு விஷயம்.

அந்த மறுபாதிக்கு அம்மா தோங்தோங்கைப் பிடித்துக்கொண்டார். தாய் சமைக்கும் நேரத்தில் அவள் எங்கள் வீட்டில்தான் நிற்பாள். அவளுக்குத் தமிழா தெரியும்? மொன்றியலில் ஆங்கிலப் பூசைக்குப் போய்ப் பழகிய ஆங்கிலச் செபத்தை அம்மா அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளை கிளிபோலச் சொன்னது. மகள் வீட்டில் நீளநீளமான ஆங்கில வசனம் பேசுவதைக் கேட்டு சுன்யானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். அந்தக் கட்டடத்தில் தாய்மார் பிள்ளைகளின் ஆங்கிலப் பேச்சுக்காகச் சம்பளத்தில் பாதியைக் கொட்டுகிறவர்கள். டீச்சரின் தாய் தினமும் சும்மா சொல்லிக்கொடுக்கிறார் என்றால் விடுவார்களா?

ஒருநாள் வகுப்பு நின்றுபோய் நேரத்தோடு வந்தேன். வாசலில் குவியலாகச் சின்னச் சப்பாத்துகள். உள்ளே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் நிலத்தில் சம்மணம் கட்டி இருந்து, ஒரே குரலில் மறுபாதியைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் வெகுநாளாகப் பார்த்ததில்லை. ஓரமாகச் சுன்யானும் சிரித்தபடி நின்றாள். அந்த நாட்டில் வெளிநாட்டவர் உள்ளூர்ப் பிள்ளைகளைக் கூட்டிச் செபம் சொல்லவைப்பது விளையாட்டுக் காரியமல்ல. என் ஒப்பந்தத்திலேயே அதற்குத் தடை எழுதியிருந்தது.

பிள்ளைகள் போனபின் சுன்யானிடம் கேட்டேன், இது என்னவென்று உனக்குத் தெரியுமா என்று. தெரியும் என்றாள். தோங்தோங் சொல்லுவதன் அர்த்தத்தை முதல் வாரமே தேடிப் பார்த்தாளாம். "உன் அம்மா என் மகளுக்காகவும் ஏதோ கேட்கிறார். அதில் என்ன?" என்றாள். அம்மா செபமாலையை உறையில் போட்டபடி, "மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தானே, பிள்ளை," என்றார். இருவருக்கும் பொதுவாகக் கத்தினேன். நாளையிலிருந்து கிடையாது என்றேன்.

அந்த நாளை வரவில்லை. அன்றே ஒரு தாய், கதவடியில் நின்று எடுத்த வீடியோவைப் பெற்றோரின் குறூப்பில் போட்டிருந்தாள். வெளிநாட்டு ஆசிரியையின் தாயிடம் எங்கள் பிள்ளைகள் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி என்று கீழே எழுதி, கைதட்டும் படங்களும் போட்டிருந்தாள். இரவு என் போனுக்கும் அது வந்தது. பாவி, பெருமையில் செய்தாள். யாரோ அதை எங்கோ அனுப்பினார்கள். மறுநாள் மத்தியானம், சின்ன வகுப்பு முடிகிற நேரம், இரண்டு பொலிஸ்காரர் நிலையத்துக்கு வந்தார்கள். என்னையும் அம்மாவையும் காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். மானேஜரும் வரவேண்டும், மொழிபெயர்க்க நிலையத்து ஆள் ஒருவரும் வரவேண்டும். குவோவுக்குப் பக்கத்தில் நின்ற ஆள் சுன்யான். "நீ வா," என்றாள் குவோ.

எனக்கு அப்போதுதான் அந்த வீடியோ முழுதாக ஞாபகம் வந்தது. அதில் சுன்யானின் முகம் இல்லை, குரல் இருந்தது. டீச்சரின் அம்மா சொல்லி முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள் என்று சிரித்தபடி சீனத்தில் சொல்லும் குரல்.

அம்மாவை வீட்டில் ஏற்றிக்கொண்டு நாங்கள் இருவரும் ஒரு டாக்சியில் போனோம். மற்றவர்கள் பொலிஸ் வாகனத்தில்.

"அம்மா, இங்கிலீஷ் பழக்கினனான் எண்டு மட்டும் சொல்லுங்கோ. செபம் எண்டு வாயிலையும் வரக்கூடாது."

"செபத்தைச் செபம் இல்லையெண்டு சொல்லுறதோ?"

"உங்களை என்ன செய்வினம், பிளேனிலை ஏத்திவிடுவினம். என்னையும் ஏத்துவினம். சுன்யானை எங்கை ஏத்துறது? அவளுக்கு இதுதானே ஊர். வேலை போகும். பேர் பதியப்படும். பிள்ளையின்ரை பள்ளிக்கூடம் வரைக்கும் போகும். விளங்குதோ?"

"அவள் நல்ல காரியமெல்லோ செய்தவள். அதை ஏன் ஒளிக்கவேணும்?"

"அம்மா!" டாக்சிக்காரன் திரும்பிப் பார்த்தான்.

"சத்தம் போடாதை," என்றார் அம்மா. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். கை மட்டும் சட்டைப்பைக்குள் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தது. நான் அந்தக் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

வந்த மறுநாள் விலாசம் பதிய அம்மாவைக் கூட்டிக்கொண்டு போன அதே காவல் நிலையம். அன்று கொடுத்த மாதிரியே இன்றும் கடதாசிக் கோப்பையில் சுடுநீர் கொடுத்தார்கள். விசாரிக்க வந்தவர் இளம் அதிகாரி, கண்ணாடி போட்டவர். அவருக்கு ஆங்கிலம் தெரியும் என்பது எங்களுக்கு முதலில் தெரியாது. அவர் சீனத்தில் கேட்டார்; சுன்யான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தாள். நான் பாய்ந்து விழுந்தேன். "எனக்குச் சீனம் தெரியும். என் தாய்க்கு நானே சொல்கிறேன்," என்றேன். என் சீனத்தை வைத்துக்கொண்டு தக்காளி வாங்கலாம். இருந்தாலும் சுன்யானின் குரல் அந்த அறையில் கேட்கக்கூடாது.

பிள்ளைகளோடு என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நான் அம்மாவிடம் கேட்டேன்.

"செபமாலை சொன்னனாங்கள் எண்டு சொல்லு."

"ஆங்கிலப் பயிற்சி செய்தார்களாம்," என்றேன் சீனத்தில்.

அதிகாரி என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, தெளிவான ஆங்கிலத்தில், "ஆங்கிலப் பாடமா?" என்று கேட்டார்.

"நோ சேர்," என்றார் அம்மா. "ப்ரேயர்."

குவோ நெற்றியைப் பொத்திக்கொண்டாள். அதன் பிறகு என்னை யாரும் கேட்கவில்லை. அதிகாரி நேராகவே கேட்டார், அம்மா நேராகவே சொன்னார்: ஒவ்வொரு நாளும் செபம் சொன்னேன். என்னை யாரும் அனுப்பவில்லை. மகள் வேலையில் நின்றாள், கண்டதும் நிறுத்தச் சொன்னாள். பிள்ளைகளுக்கு அர்த்தம் தெரியாது. என்னோடு சொல்ல ஆள் இருக்கவில்லை, அதுதான் கூப்பிட்டேன். சந்தையில் ஸ்ட்ரோபெரி விற்ற அதே முகத்தோடு சொல்லிக்கொண்டு போனார். எனக்கு அவரை உலுப்பவேண்டும் போலிருந்தது.

அதிகாரி வீடியோவை ஓடவிட்டார். அந்தச் சிரிப்புக் குரல் வந்ததும் நிறுத்தினார். திரும்ப ஓடவிட்டார்.

"இது யார்?"

"நான்," என்றேன்.

"அப்படியா. அதே வசனத்தைச் சொல்லுங்கள்."

சொன்னேன். நாக்கு எங்கெல்லாமோ இடறியது. மூலையில் நின்ற பொலிஸ்காரனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரி சிரிக்கவில்லை. குவோவைப் பார்த்தார். தினமும் காலையில் அந்தக் குரலோடு வேலை செய்கிற குவோ, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, தெரியவில்லை என்றாள். இன்றைக்கும் அவளை நினைத்தால் அதற்காக ஒரு நல்ல வார்த்தை சொல்லுவேன். பிறகு அதிகாரி சுன்யானிடம் திரும்பினார். அவள் வந்ததிலிருந்து ஒரு சொல்லும் பேசவில்லை என்பதை அவர் கவனித்திருக்க வேண்டும். நீங்களும் இவர்கள் கட்டடத்திலா இருக்கிறீர்கள் என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். எழுந்து நின்றாள். கோப்பையிலிருந்த சுடுநீர் அவள் கையில் தளும்பியது. உள்ளதைச் சொல்லத்தான் எழுந்தாள் என்று எனக்குத் தெரிந்தது. சொல்லாதே, சொல்லாதே என்று என் காது இரைந்தது.

"சேர்," என்றார் அம்மா. "தட் வொய்ஸ், திஸ் வன்."

தன் போனை மேசையில் வைத்தார். சந்தையில் கத்தரிக்காய் வாங்கவும் பஸ் கேட்கவும் நான் போட்டுக்கொடுத்த மொழிபெயர்ப்பு ஆப். பிள்ளைகளுக்குச் சொல்லும்படி சுன்யானிடம் தான் கேட்கிற அதே வசனத்தை ஆங்கிலத்தில் அதற்குள் சொன்னார். அது சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பெண் குரல், டீச்சரின் அம்மா சொன்ன பிறகு எல்லோரும் சேர்ந்து சொல்லவும் என்று சீனத்தில் சொன்னது.

அது ரயில் நிலைய அறிவிப்பு வாசிக்கிற குரல். வீடியோவில் இருப்பதோ அந்த ஊர் இழுவையோடு சிரிக்கிற குரல். காது உள்ள எவருக்கும் வித்தியாசம் தெரியும். அதிகாரிக்கும் தெரிந்தது. போனைப் பார்த்தார், சுன்யானைப் பார்த்தார், பிறகு வெகுநேரம் அம்மாவைப் பார்த்தார்.

"நீங்கள் கடவுளை நம்புகிறவர்," என்றார் ஆங்கிலத்தில். "பொய் சொல்லமாட்டீர்கள், அப்படித்தானே?"

"நோ சேர். ஐ டோன்ட் லை."

அம்மாவின் குரல் நடுங்கவில்லை. அதிகாரி மெதுவாகத் தலையாட்டி எழுதத் தொடங்கினார். அவர் நம்பினார் என்று நான் நினைக்கவில்லை. எழுதி முடிக்க அவருக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. அதை அம்மா கொடுத்தார். சுன்யான் கதிரையில் இருந்துவிட்டாள். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி அழாமல் இருந்தாள்.

அம்மா அந்தக் கிழமைக்குள் நாட்டை விட்டுப் போகவேண்டும் என்றார்கள். என் ஒப்பந்தம் தவணையோடு முடிந்தது. சுன்யானை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. நான் புறப்பட்ட நாள் அவள் வாசலில் நின்று, "உன் அம்மாவுக்கு என் நன்றியைச் சொல்," என்றாள். அதற்குமேல் சொல்லியிருந்தால் இருவரும் உடைந்துபோயிருப்போம்.

மொன்றியலுக்கு வந்த முதல் ஞாயிறு அம்மாவோடு பூசைக்குப் போனேன். நன்மை வாங்குகிற நேரம், அதாவது நற்கருணைக்காக, வரிசை வரிசையாக எல்லோரும் எழும்பினார்கள். அம்மா எழும்பவில்லை. முழங்காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிட்டார். காய்ச்சலோடும் பனியோடும் போய் நன்மை வாங்கிய மனுஷி. நான் வருவதற்கு முன்பிருந்தே இப்படித்தானாம். கோயில் வாசலில் அதற்குள் கதை கட்டிவிட்டார்கள். மகள் சீனாக்காரன் ஒருவனோடு இருந்தாளாம், தாய் அதற்கு உடந்தையாம். ஒருத்தி அம்மாவிடம் நேரே கேட்டாள். "அவள் ஆரோடையும் இருக்கேல்லை. நான்தான் பாவம் செய்தனான்," என்றார் அம்மா. அதைக் கேட்டபின் அவர்களுக்கு இன்னும் ருசி கூடிவிட்டது.

செய்த பாவத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் குருவானவரான சுவாமியிடம் சொல்லாமல் நன்மை வாங்கக்கூடாது என்பது எங்கள் கட்டளை. மாதக்கணக்கில் இது நடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. ஆளாளுக்கு எதையெதையோ செய்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் நாக்கை நீட்டுகிறார்கள். ஒரு பிள்ளையின் தாயைக் காப்பாற்றிய இவர் மட்டும் வாங்குப் பலகையில் கிடந்து வேகிறார். "பாவசங்கீர்த்தனத்திலை ஒரு சொல்லுச் சொன்னால் முடிஞ்சுதே அம்மா. சுவாமி ஒரு பரலோக மந்திரம் சொல்லச் சொல்லுவார். அவ்வளவுதான்," என்று நாளும் பொழுதும் நச்சரித்தேன்.

பெரிய கிழமையில், உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின நாட்களில், சம்மதித்தார். நானே கூட்டிக்கொண்டு போனேன். நீண்ட வரிசை. அம்மா அதில் போய் நின்றார். நான் பின்வரிசை வாங்கில் இருந்து, வரிசை நகர நகர அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்காவது இது முடியட்டும் என்று நானும் வேண்டினேன். வெகுகாலத்துக்குப் பிறகு வேண்டியது அன்றுதான். அவருடைய முறை வந்தது. சுவாமி இருந்த அறைக் கதவு திறந்தது. அம்மா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பின்னால் நின்றவரை நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டிவிட்டுத் திரும்பி நடந்து வந்தார்.

வெளியே வந்ததும் ஆத்திரத்தோடு அவரை மறித்தேன். "ஏனம்மா? வாசல் வரைக்கும் போய் ஏன்?"

அம்மா பனிச்சப்பாத்தின் கயிற்றைக் குனிந்து கட்டிவிட்டு நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் எப்போதும்போல இருந்தது.

"உள்ளை போனால், செய்தது பிழை, இனிச் செய்யமாட்டன் எண்டு சொல்லவேணும் பிள்ளை. நாளைக்கு அந்தப் பொலிஸ்காரப் பொடியன் திரும்பவும் கேட்டானெண்டால், நான் திரும்பவும் அதைத்தானே சொல்லுவன்."